பெரிய ஜெனரேட்டர்களில் அறிகுறியிலிருந்து பழுதைத் தேடிப் பிடிக்கும் வழிமுறை

நூற்றுக்கணக்கான மெகாவாட் தரும் ஒரு டர்பைன் ஜெனரேட்டரில் ஏதோ ஓர் அளவு வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தவுடன், எந்தப் பாகம் கெட்டது என்று யோசிக்கத் தொடங்குவது இயல்பு. அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த அறிகுறி எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது? லோடோடு சேர்ந்தா, ஃபீல்டு மின்னோட்டத்தோடு (ரோட்டர் என்ற சுழலும் பாகத்தைக் காந்தமாக்கும் மின்னோட்டம்) சேர்ந்தா, குளிர்ந்த வாயுவின் வெப்பநிலையோடு சேர்ந்தா, அல்லது எதோடும் ஒட்டாமல் நாள்கணக்கில் தானாக வளர்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் பழுது இருக்கும் இடம் பாதிக்கு மேல் தெரிந்துவிடும். விடை தெரியாமல் இயந்திரத்தைத் திறந்தால், வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தும் ஒன்றும் அகப்படாமல் மூட நேரிடும்.

ஆகவே, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு தாளில் மெகாவாட், மெகாவார் (ரியாக்டிவ் பவர்; ஃபீல்டு மின்னோட்டத்தால் கூட்டிக் குறைப்பது), ஸ்டேட்டர் (சுழலாத வெளிப்பாகம்) மின்னோட்டம், ஃபீல்டு மின்னோட்டம், ஃபீல்டு வோல்டேஜ், இயந்திரத்துக்குள் நிரப்பிக் குளிர்விக்கப் பயன்படும் ஹைட்ரஜனின் அழுத்தமும் தூய்மையும், கூலரிலிருந்து வெளிவரும் வாயுவின் வெப்பநிலை ஆகியவற்றை ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மற்றவற்றை அசையாமல் வைத்து, ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இதே இயந்திரம் நல்ல நிலையில் இருந்தபோது எடுத்த பழைய அளவுகள் கையில் இருந்தால், எந்தத் தரநிலையின் எண்ணையும்விட அவையே மேலான வழிகாட்டி.

திறக்க வேண்டிய நிலை வந்தால் இரண்டு விதிகளுக்கு விலக்கே இல்லை. ஹைட்ரஜன் காற்றோடு ஏறக்குறைய 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருக்கும் நிலையில் தீப்பற்றக்கூடியது. எனவே ஹைட்ரஜனைக் கார்பன் டை ஆக்சைடால் வெளியேற்றி, அந்தக் கார்பன் டை ஆக்சைடைக் காற்றால் வெளியேற்ற வேண்டும். ஹைட்ரஜனும் காற்றும் நேருக்கு நேர் சந்திக்கவே கூடாது. அடுத்து, டி.சி. வோல்டேஜ் கொடுத்துச் சோதித்த வைண்டிங்கில் (கடத்திகளின் சுற்றில்) மின்னூட்டம் தேங்கி நிற்கும். சோதனை எவ்வளவு நேரம் நடந்ததோ அதைப்போல் குறைந்தது நான்கு மடங்கு நேரம் அதை எர்த் செய்து வைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பத்து நிமிடச் சோதனைக்கு நாற்பது நிமிடம் காத்திருப்பது வீண் அல்ல.

அறிகுறி: ஸ்டேட்டரில் ஒரே ஒரு வெப்பநிலை மட்டும் உயர்ந்து காட்டுகிறது

முதலில் அளவு உண்மையா என்று பாருங்கள். ஒரே நொடியில் தாவி ஏறிய அளவும், லோடு மாறாதபோதே துள்ளிக் குதிக்கும் அளவும் பெரும்பாலும் சென்சார் அல்லது டெர்மினல் கோளாறு. செம்பும் இரும்பும் அவ்வளவு விரைவாகச் சூடாவதில்லை. பிளாட்டினம் ஆர்.டி.டி. (வெப்பத்தோடு தடை மாறும் சென்சார்) ஆனால் 0 டிகிரி செல்சியஸில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம் காட்ட வேண்டும். கம்பிகளை டெர்மினலில் கழற்றி, ஓம் மீட்டரால் நேரே அளந்து, கம்பித் தடையைக் கழித்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

சென்சார் சரியாக இருந்தால், லோடைக் குறைத்துப் பாருங்கள். செம்பில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஸ்டேட்டரின் உள்ளீடற்ற கடத்திகளுக்குள் ஓடிக் குளிர்விக்கும் தண்ணீர் 40 டிகிரியில் உள்ளே போய், சந்தேகத்துக்குரிய கடத்தியிலிருந்து 80 டிகிரியில் வெளிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் 40 டிகிரி. ஸ்டேட்டர் மின்னோட்டத்தை 80 சதவீதமாக இறக்கினால், ஏற்றம் 0.64 மடங்காகி 25 அல்லது 26 டிகிரிக்கு வர வேண்டும். அப்படி வந்தால், அளவு உண்மை. அந்தக் கடத்தியில் தண்ணீர் ஓட்டம் மற்றவற்றைவிடக் குறைவு என்று பொருள். வராமல் அப்படியே நின்றால், மீண்டும் அளவுக் கருவியின் பக்கம் திரும்புங்கள்.

தண்ணீர் ஓட்டம் குறைவதற்கு நான் அதிகம் கண்ட காரணம், உள்ளீடற்ற செம்புக் கடத்திகளுக்குள் படியும் காப்பர் ஆக்சைடு. தண்ணீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் மிகக் குறைவாக, அதாவது நூறு கோடிப் பங்கில் ஏறக்குறைய 20 பங்குக்குக் கீழே இருந்தாலும் செம்பு அமைதியாக இருக்கும். மிக அதிகமாக, பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் இருந்தாலும் அமைதியாக இருக்கும். இரண்டுக்கும் இடையே அலைபாயும்போதுதான் ஆக்சைடு பிறந்து, உதிர்ந்து, குறுகலான இடங்களில் அடைக்கிறது. தயாரிப்பாளர் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாரோ அதிலேயே நிலையாக வைத்திருப்பது முக்கியம். நிறுத்தி வைக்கும் காலங்களில் தொட்டிக்குள் காற்று புகுந்து இந்த நிலை குலைவதைப் பலர் கவனிப்பதில்லை. வைண்டிங்கின் இரு முனைகளுக்கிடையே அழுத்த வேறுபாடு, அதே ஓட்ட அளவில், மாதாமாதம் ஏறிக்கொண்டே வந்தால் அடைப்பு பொதுவாக இருக்கிறது என்று எண்ணலாம். ஒரே ஒரு கடத்தி மட்டும் சூடானால், ஒவ்வொரு ஹோஸிலும் அல்ட்ராசோனிக் மீட்டரால் ஓட்டத்தை அளந்து ஒப்பிடுவதே நேர்வழி. ஆக்சைடு என்று உறுதியானால் வேதிமுறைக் கழுவல்தான் தீர்வு. அதையும் தயாரிப்பாளரின் வழிமுறைப்படிதான் செய்ய வேண்டும், ஏனெனில் தவறான கரைசல் பிரேசிங் இணைப்புகளையே தின்றுவிடும்.

எல்லா இடங்களும் ஒருசேரச் சூடானால் ஸ்டேட்டரை விட்டுவிட்டு கூலர்களைப் பாருங்கள். ஒவ்வொரு கூலரிலிருந்தும் வெளிவரும் வாயுவின் வெப்பநிலைக்கும் அதற்குள் நுழையும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் உள்ள வேறுபாட்டை ஒப்பிட்டால், தனித்து நிற்கும் கூலர் எது என்று உடனே தெரியும். மேல் வென்ட்டைத் திறந்து தேங்கிய காற்றை வெளியேற்றியதும் சரியாகிவிடும் வழக்குகள் ஏராளம்.

அறிகுறி: ரோட்டர் அதிர்வு ஃபீல்டு மின்னோட்டத்தைப் பின்தொடர்கிறது

இதைப் பற்றி நான் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் இங்குதான் தவறான சிகிச்சை அதிகம் நடக்கிறது. ஒரு இயந்திரத்தில் அதிர்வு உயர்ந்ததும் எடைகளை மாட்டிச் சமன் செய்தார்கள். சில வாரங்களில் மறுபடி உயர்ந்தது, மறுபடி சமன் செய்தார்கள். மூன்றாம் முறைதான் அதிர்வையும் ஃபீல்டு மின்னோட்டத்தையும் ஒரே வரைபடத்தில் இட்டுப் பார்த்தோம். ஒன்று ஏறினால் ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்து மற்றொன்று ஏறியது. எடைகளால் தீரக்கூடிய நோயாக அது முதல் நாளிலிருந்தே இருக்கவில்லை.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். மெகாவாட்டை நிலையாக வைத்து, ஹைட்ரஜன் வெப்பநிலையையும் பேரிங்குகளுக்கான உயவெண்ணெயின் வெப்பநிலையையும் மாறாமல் பிடித்துக்கொண்டு, இயந்திரத்தின் திறன் வரைபடத்துக்கு உட்பட்டு மெகாவாரை மட்டும் உயர்த்துங்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் அங்கேயே நிறுத்தி, அதிர்வின் அளவையும் அதன் கட்டக் கோணத்தையும் (சுழற்சியில் அதிர்வின் உச்சம் விழும் திசை) சில நிமிடங்களுக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பழைய மெகாவாருக்கே இறக்குங்கள். கோணத்தைக் குறிக்காமல் அளவை மட்டும் எழுதினால் பாதித் தகவல் போய்விடும். அளவு மாறாமலேயே கோணம் மட்டும் சுழன்று போவதும் உண்டு.

அதிர்வு மெதுவாக ஏறி, ஃபீல்டை இறக்கியதும் மெதுவாகத் தன் பழைய இடத்துக்கே திரும்பினால், ரோட்டர் ஒரு பக்கம் அதிகம் சூடாகி வளைகிறது. இரண்டு துருவ ரோட்டரில் ஒரு துருவத்தில் வைண்டிங்கின் சில சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால், அந்தத் துருவத்தில் வெப்பம் குறைந்து, எதிர்த் துருவம் ஒப்பீட்டளவில் சூடாக இருக்கும்; தண்டு அந்தப் பக்கமாக வளையும். காற்றுத் துளைகளில் ஒருபுறம் அடைப்பு இருந்தாலும் இதே நடத்தைதான். மாறாக, அதிர்வு ஏறும்போது படிப்படியாக ஏறி, இறங்கும்போது பழைய இடத்துக்குத் திரும்பாமல் வேறிடத்தில் நின்றுவிட்டால், செம்புக் கடத்திகள் ஸ்லாட்டுக்குள்ளோ (கடத்தி அமரும் பள்ளம்), ரிடெய்னிங் ரிங்குக்குக் (ரோட்டர் முனைகளில் கடத்திகளைப் பிடித்து வைக்கும் வளையம்) கீழேயோ சமமாக விரிய முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று எண்ண வேண்டும். ஃபீல்டை மாற்றிய அந்த நொடியிலேயே அதிர்வு மாறினால் அது வெப்பத்தின் வேலை இல்லை, காந்த இழுவையின் வேலை. நான்கு துருவ ரோட்டர்களில் சுற்றுகள் தொட்டுக்கொள்ளும்போது இதைப் பார்க்கலாம்.

சுற்றுகள் தொட்டிருப்பதை உறுதிசெய்யப் பல வழிகள் உண்டு. ஓடும்போது பார்க்க ஃப்ளக்ஸ் புரோப்தான் சிறந்தது. ஏர் கேப்பில் வைத்த சிறிய சுருள், ஒவ்வொரு ரோட்டர் ஸ்லாட்டும் கடந்து போகும்போது ஓர் உச்சத்தைக் காட்டும். ஒரு துருவத்தின் உச்சம் எதிர்த் துருவத்தில் அதே இடத்திலுள்ள உச்சத்தைவிடத் தாழ்ந்திருந்தால், அந்த ஸ்லாட்டில் சுற்று குறைந்திருக்கிறது. எல்லா ஸ்லாட்டுகளையும் நம்பிக்கையோடு படிக்க வேண்டுமானால் சில வெவ்வேறு லோடுகளில் அளக்க வேண்டும். புரோப் இல்லாத இயந்திரத்தில், அதே மெகாவாட், மெகாவார், வோல்டேஜுக்கு முன்பைவிட எவ்வளவு கூடுதல் ஃபீல்டு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்று பழைய பதிவோடு ஒப்பிடலாம். இயந்திரம் நின்றபின் ஆர்.எஸ்.ஓ. சோதனையில், குறைந்த வோல்டேஜ் துடிப்பை ஒரு ஸ்லிப் ரிங்கிலிருந்தும் (ரோட்டருக்கு மின்னோட்டம் ஏற்றும் வளையம்) மற்றொன்றிலிருந்தும் அனுப்பி, திரும்பிவரும் அலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நல்ல வைண்டிங்கில் இரண்டும் ஒரே கோடாகப் படியும். பிரியும் இடம் பழுது எந்த முனைக்கு அருகில் என்று சொல்லும்.

ஓர் எச்சரிக்கை: சில சுற்றுகள் முழு வேகத்தின் மையவிலக்கு விசையில் மட்டுமே தொட்டுக்கொள்ளும். ரோட்டர் நின்ற நிலையில் எல்லாச் சோதனைகளும் சுத்தமாகத் தெரிந்தால், பழுது இல்லை என்று எழுதிவிடாதீர்கள். வேகத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் ரோட்டர் வைண்டிங்கின் ஏ.சி. இம்பீடன்ஸை (மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) அளந்து வந்தால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் அது சட்டென்று ஒரு படி தாவும். அந்தப் படிதான் சான்று. சாதாரணமாக வேகம் ஏறும்போது இம்பீடன்ஸ் சீராகவே மாறும்.

இரண்டொரு சுற்றுகள் தொட்டிருப்பதால் மட்டும் உடனே நிறுத்தத் தேவையில்லை. அதிர்வு எல்லைக்குள் இருந்து, ஃபீல்டு மின்னோட்டத்துக்கு இடம் இருந்தால், அடுத்த பெரிய நிறுத்தம் வரை கண்காணித்து ஓட்டலாம் என்பதே என் கருத்து. பழுதுபார்க்க ரிடெய்னிங் ரிங்கைக் கழற்ற வேண்டும். அது தண்டின் மீது சூட்டில் ஏற்றி இறுக்கிய பாகம், கழற்றவும் சூடேற்ற வேண்டும். 18 சதவீத மாங்கனீசும் 5 சதவீத குரோமியமும் கொண்ட பழைய வகை ரிங்குகள் ஈரம் பட்டால் அழுத்த அரிப்பில் விரிசல் விடக்கூடியவை. அவற்றைக் கழற்ற நேர்ந்தால், 18 சதவீத மாங்கனீசு, 18 சதவீத குரோமியம் கொண்ட ரிங்குகளுக்கு மாறிவிடுவது நல்லது. மாற்றும் வரை, ஹைட்ரஜனின் ஈரப்பதத்தை மிகக் குறைவாக வைத்திருப்பதும், இயந்திரம் நிற்கும்போதும் டிரையரை நிறுத்தாமல் ஓட்டுவதும் கட்டாயம்.

அறிகுறி: ஹைட்ரஜன் செலவு கூடுகிறது, அல்லது தூய்மை குறைகிறது

இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். செலவு கூடினால் வாயு எங்கோ வெளியேறுகிறது. தூய்மை குறைந்தால் காற்று எங்கோ உள்ளே வருகிறது. இயந்திரத்துக்குள் அழுத்தம் வெளியைவிட அதிகம் என்பதால், காற்று சீல் ஆயிலில் (தண்டு வெளிவரும் இடத்தில் வாயு கசியாமல் அடைக்கும் எண்ணெய்) கரைந்துதான் பெரும்பாலும் வரும்.

தூய்மை குறைவதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். 98 சதவீதத்திலிருந்து 95 சதவீதமாக இறங்கினாலே, அதே அழுத்தத்தில் வாயுவின் அடர்த்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், ஏனெனில் காற்று ஹைட்ரஜனைவிடப் பதினான்கு மடங்குக்கு மேல் கனமானது. ரோட்டர் அந்த கனமான வாயுவைக் கடைந்துகொண்டே சுழல வேண்டும், இழப்பு கூடும். இந்த உறவே ஒரு நல்ல குறுக்குச் சோதனையும் ஆகும். தூய்மை மீட்டர் குறைத்துக் காட்டும்போது, ரோட்டர் விசிறியின் இரு பக்க அழுத்த வேறுபாடும் கூடியிருந்தால் மீட்டர் சொல்வது உண்மை. கூடாமல் இருந்தால், மீட்டருக்குப் போகும் மாதிரிக் குழாயில் எண்ணெயோ ஈரமோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உண்மைதான் என்றால், சீல் ஆயிலின் வெற்றிடத் தொட்டி இருந்தால் அதன் வெற்றிடம், இரட்டைச் சுற்று முறையானால் காற்றுப்பக்க, ஹைட்ரஜன்பக்க எண்ணெய்களின் அழுத்தச் சமநிலை ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

வாயு வெளியேறுவதைத் தேடும்போது, சுலபமாக எட்டும் இடங்களில் தொடங்காமல், ஆபத்தான இடங்களில் தொடங்குங்கள். முதலில், ஃபேஸ் பஸ் டக்டிலும் (ஜெனரேட்டரிலிருந்து மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் மூடிய குழாய்) டெர்மினல் புஷிங்குகளின் அடிப் பெட்டியிலும் ஹைட்ரஜன் இருக்கிறதா என்று டிடெக்டரால் பாருங்கள். மூடிய இடத்தில் சேரும் ஹைட்ரஜன்தான் வெடிக்கும். இரண்டாவது, பேரிங் ஆயில் தொட்டியின் ஆவி வெளியேற்றி. மூன்றாவது, ஸ்டேட்டர் தண்ணீர்த் தொட்டியின் வென்ட். வாயு அழுத்தம் தண்ணீர் அழுத்தத்தைவிட அதிகமாக வைக்கப்படுவதால், கடத்தியின் பிரேசிங் இணைப்பில் துளை விழுந்தால் தண்ணீர் வெளியே கசிவதற்குப் பதில் ஹைட்ரஜன் தண்ணீருக்குள் நுழையும். அதனால் வென்ட்டில் வெளியேறும் வாயுவின் நாளளவு கூடுவதே இந்தப் பழுதின் முதல் குரல். ஆனாலும், நுண்ணிய துளைகளில் நுண்குழாய் விளைவால் ஈரம் மின்காப்புக்குள் ஊறிக்கொண்டே இருக்கலாம். அந்தச் சந்தேகம் வந்தால், அடுத்த நிறுத்தத்தில் தண்ணீரை முழுதும் வடித்து உலர்த்தி, வெற்றிடச் சரிவு, அழுத்தச் சரிவு சோதனைகளைச் செய்து, பிறகு ஹீலியத்தால் இடத்தைக் கண்டு, கடத்திகளின் மின்தேக்கத்தை ஒவ்வொன்றாக அளந்து ஈரம் ஊறியவற்றைப் பிரிக்க வேண்டும். இவற்றுக்குப் பிறகே சோப்பு நீரோடு ஃபிளாஞ்சுகளைச் சுற்றுங்கள்.

ஜெனரேட்டரின் அடியிலுள்ள திரவ அலாரம் ஒலித்தால், வடித்துப் பாருங்கள்: எண்ணெய் என்றால் சீல், தண்ணீர் என்றால் கூலர் குழாய் அல்லது ஸ்டேட்டர் ஹோஸ். கடத்துதிறனை அளந்தால் எந்தத் தண்ணீர் என்று தெரிந்துவிடும்; ஸ்டேட்டர் தண்ணீர் பொதுவாகச் சென்டிமீட்டருக்கு 1 மைக்ரோசீமன்ஸுக்கும் கீழே இருக்கும், கூலர் தண்ணீர் அதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு.

அறிகுறி: பகுதி மின்னிறக்கம் கூடுகிறது, ஓசோன் வாசனை, வைண்டிங்கில் தூள்

பகுதி மின்னிறக்கம் என்பது மின்காப்பை முழுதும் துளைக்காமல் அங்கங்கே நடக்கும் சிறு பொறிகள்; ஒவ்வொன்றும் ஒரு துடிப்பாகப் பதிவாகும். ஒரே வோல்டேஜ், வெப்பநிலை, ஹைட்ரஜன் அழுத்தத்தில் எடுத்த அளவுகளை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். வாயு அழுத்தம் கூடினாலே மின்னிறக்கம் அடங்கிவிடும். நேர்த் துடிப்புகள் எதிர்த் துடிப்புகளைவிட ஓங்கியிருந்தால், இறக்கம் மின்காப்பின் வெளிப்பரப்புக்கும் கோருக்கும் (ஸ்டேட்டரின் இரும்புத் தகடு அடுக்கு) இடையே நடக்கிறது. எதிர்த் துடிப்புகள் ஓங்கினால், செம்பை ஒட்டிய உட்பகுதியில் மின்காப்பு விலகியிருக்கிறது. இரண்டும் சமமானால், மின்காப்பின் நடுவிலுள்ள வெற்றிடங்கள். லோடோடு சேர்ந்து நேர்த் துடிப்பு ஏறினால், கடத்தி ஸ்லாட்டுக்குள் தளர்ந்து ஆடுகிறது. கடத்திகளின் மீதான விசை மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு, மின்தொடரின் (கிரிட்டின்) இரு மடங்கு அதிர்வெண்ணில், அதாவது 50 ஹெர்ட்ஸ் இயந்திரத்தில் நொடிக்கு 100 முறை, 60 ஹெர்ட்ஸில் 120 முறை அவற்றை உலுக்குகிறது.

திறந்தபின் தூள்தான் பேசும். ஸ்லாட்டிலிருந்து கடத்தி வெளிவரும் இடத்தை ஒட்டி, விரலால் தொட்டால் மாவாக ஒட்டும் வெள்ளைத் தூள், மேற்பரப்பில் மின்னிறக்கம் நடந்த அடையாளம். ஸ்லாட்டுக்குள் கடத்தியை இறுக்கும் ஆப்புகளின் ஓரங்களில் இளமஞ்சள் அல்லது பழுப்புத் தூள் இருந்தால், உராய்வில் மின்காப்பே தேய்ந்து உதிர்கிறது. அதே தூள் எண்ணெயோடு கலந்து கிரீஸ் போன்ற களிம்பாக வழிந்திருந்தால், சீல் ஆயில் உள்ளே வந்து எல்லாவற்றையும் வழுக்கச் செய்து தேய்மானத்தை விரைவுபடுத்துகிறது. அந்தக் களிம்பை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று உறுத்தினால் அதில் கலந்திருப்பது வெறும் அழுக்கில்லை, மைக்காவும் கண்ணாடி இழையும்.

ஆப்புகளைச் சோதிக்கும்போது, இடது கை விரல் நுனியை ஆப்பின் ஒரு பாதியில் மெல்ல வைத்து, மறு பாதியைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். இறுக்கமான ஆப்பு 'டிக்' என்று கூர்மையாக ஒலிக்கும், விரலுக்கு எதுவும் தெரியாது. தளர்ந்த ஆப்பு 'தொப்' என்று உள்ளீடற்று ஒலிக்கும், விரலுக்கடியில் துடிப்பது உணரப்படும். ஸ்லாட்டுவாரியாகக் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொன்றையும் இறுக்கம், நடுத்தரம், தளர்வு என்று குறித்து முடித்தால், படம் தானாகத் தெரியும். சிதறிய சில தளர்ந்த ஆப்புகள் பெரிய கவலை இல்லை. அடுத்தடுத்து வரும் தளர்வும், ஸ்லாட்டின் கடைசி ஆப்பின் தளர்வும் கவலைக்குரியவை. முழு ஸ்டேட்டருக்கும் தளர்வு பரவியிருந்தால், இடைப்பட்டைகளையும் சுருள் விற்பட்டைகளையும் மாற்றி மறுஆப்பு அடிக்க வேண்டும். தளர்ந்தவற்றை மட்டும் மேலிருந்து பசை ஊற்றிச் சமாளிப்பதை நான் ஏற்பதில்லை. எண்ணெய் படிந்த பரப்பில் பசை பிடிக்காது.

ஸ்லாட்டுக்கு வெளியே நீளும் எண்ட் வைண்டிங்கின் கட்டுகளிலும் அடைப்புக் கட்டைகளிலும் இதே தூள் இருந்தால், சுத்தியல் தட்டல் சோதனையால் அதன் இயற்கை அதிர்வெண்களை அளந்து, அவை இரு மடங்கு மின்தொடர் அதிர்வெண்ணுக்கு அருகில் வந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும். கட்டுகள் தளரத் தளர இயற்கை அதிர்வெண் கீழே இறங்கும். முன்பு மேலே பாதுகாப்பாக இருந்தது ஒருநாள் வந்து அதில் நிற்கும்.

அறிகுறி: நிறுத்தியபின் மெக்கர் அளவு குறைவாக இருக்கிறது

மெக்கர் என்பது மின்காப்புத் தடையை அளக்கும் கருவி. முதலில் ஃபேஸ் பஸ், வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர்கள், சர்ஜ் கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மறுபடி அளங்கள். குறைந்த அளவுகளில் பெரும்பங்கு இவற்றிலேயே தீர்ந்துவிடுகிறது. ஐ.இ.இ.இ. 43 தரநிலையின்படி, ஏறக்குறைய 1970க்குப் பிந்தைய ஃபார்ம் வைண்டிங்குகளுக்கு (முன்கூட்டியே வடிவமைத்த சுருள்களைக் கொண்டவை) 40 டிகிரிக்குத் திருத்திய ஒரு நிமிட அளவு குறைந்தது 100 மெகாஓம் இருக்க வேண்டும். 12 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்ட இயந்திரங்களுக்கு 5 முதல் 10 கிலோவோல்ட் டி.சி.யில் சோதிக்கலாம். பத்து நிமிட அளவை ஒரு நிமிட அளவால் வகுத்தால் வரும் போலரைசேஷன் இண்டெக்ஸ் 2க்குக் குறையக் கூடாது. ஒரு நிமிட அளவே 5000 மெகாஓமுக்கு மேல் இருந்தால், இந்த விகிதத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

மூன்று ஃபேஸ்களும் ஒரே மாதிரிக் குறைந்து, விகிதமும் 1ஐ ஒட்டி இருந்தால், அது ஈரம் அல்லது மேற்பரப்பு அழுக்கு. சுத்தம் செய்து உலர்த்தினால் மீளும். உலர்த்தும்போது மணிக்கொரு முறை அளந்து வாருங்கள்: சூடேறும்போது அளவு முதலில் விழும், பிறகு ஏறும், ஏற்றம் நின்று நிலைபெறும் வரை நிறுத்த வேண்டாம். ஒரு ஃபேஸ் மட்டும் மற்ற இரண்டை விட்டு விலகி நின்றால், அது உலர்த்தித் தீர்க்கும் நோய் இல்லை. தண்ணீர் குளிரூட்டும் ஸ்டேட்டரில் தண்ணீர் நிரம்பியிருக்கும்போது சாதாரண மெக்கர் தண்ணீர் நெடுவரிசையின் தடையையே அளக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். இந்த அளவுகள் தெளிவாகும் முன் உயர் வோல்டேஜ் சோதனைக்குப் போகவே கூடாது; ஈரமான நல்ல மின்காப்பை அது துளைத்துவிடும்.

அறிகுறி: ரோட்டர் எர்த் ஃபால்ட் அலாரம்

ரோட்டர் வைண்டிங்கின் காப்பு கெட்டு ஓர் இடத்தில் மட்டும் எர்த் ஆனால் ஃபீல்டு மின்னோட்டத்துக்கு மாற்றுப் பாதை கிடைப்பதில்லை. இரண்டாவது இடமும் எர்த் ஆனால், மின்னோட்டம் ரோட்டர் உருக்கு வழியே பாய்ந்து அதை உருக்கும், அதிர்வும் திடீரென எகிறும். ஆகவே முதல் அலாரத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையிலான நேரம் எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது. அதை விசாரணைக்கு மட்டுமே பயன்படுத்துங்கள்.

உள்தடை மிக அதிகமான வோல்ட் மீட்டரால், ரிலே செலுத்தும் வோல்டேஜின் தாக்கத்தையும் கணக்கில் கொண்டு, நேர்முனையிலிருந்து எர்த்துக்கும் எதிர்முனையிலிருந்து எர்த்துக்கும் அளங்கள். ஃபீல்டு 300 வோல்ட், நேர்முனை 90, எதிர்முனை 210 காட்டினால், பழுது நேர்முனையிலிருந்து வைண்டிங்கின் 30 சதவீதத் தொலைவில், அதாவது ரோட்டருக்குள்ளேயே இருக்கிறது. ஒரு முனை ஏறக்குறைய சுழியைக் காட்டினால் நம்பிக்கை உண்டு: பழுது அந்த முனையில், பெரும்பாலும் ஸ்லிப் ரிங் அல்லது எக்சைட்டர் (ஃபீல்டு மின்னோட்டம் தரும் கருவி) கேபிளில் இருக்கும். கார்பன் தூளும் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து ஸ்லிப் ரிங்கின் மின்காப்பின் மீது கடத்தும் பாலம் கட்டிவிடும். இயந்திரத்தை நிறுத்தி, உறிஞ்சிச் சுத்தம் செய்து, 500 வோல்ட் மெக்கரால் அளந்தால் தெரிந்துவிடும். அழுத்தக் காற்றால் ஊதினால் தூள் இன்னும் ஆழமாகப் போய் ஒளிந்துகொள்ளும், உறிஞ்சியே எடுங்கள்.

ஸ்லிப் ரிங்கைத் தொட்டு நிற்கும் கார்பன் பிரஷ்கள் பொறி கக்கினால், ஒவ்வொரு பிரஷின் மின்னோட்டத்தையும் கிளாம்ப் மீட்டரால் அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு சூடாகிச் சிவந்து, மற்றவை சும்மா இருந்தால், ஸ்பிரிங் அழுத்தம் சமமில்லை அல்லது வெவ்வேறு தரப் பிரஷ்கள் கலந்துவிட்டன. இரு ரிங்குகளும் வெவ்வேறு வேகத்தில் தேய்வது இயல்பு. அதனால்தான் குறித்த கால இடைவெளியில் துருவத்தை மாற்றி மாட்டுகிறோம்.

அறிகுறி: பேரிங் பரப்பில் உறைபனி போன்ற மங்கல்

பளபளக்க வேண்டிய பாபிட் (பேரிங்கின் மென் உலோகப் பூச்சு) பரப்பு நுண்குழிகளால் மங்கியிருந்தால் தண்டு மின்னோட்டம் எண்ணெய்ப் படலத்தைத் துளைத்துப் பாய்கிறது. எக்சைட்டர் பக்கப் பேரிங்கின் மின்காப்பையும், டர்பைன் பக்கத்து எர்த்திங் பிரஷையும் பாருங்கள். எண்ணெய்க் குழாய், தெர்மோகப்பிள் கவசம், அதிர்வு சென்சார் பிடிப்பு என்று ஏதாவது ஒன்று காப்பைத் தாண்டிப் பாலமிட்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். புதிய பேரிங் போடுவதற்கு முன் தண்டிலும் பெட்டியிலும் மீதமிருக்கும் காந்தத்தை நீக்க வேண்டும், இல்லாவிட்டால் குழிகள் திரும்பவரும்.

அறிகுறி: கோர் மானிட்டர் அலாரம், அல்லது ஸ்டேட்டர் எர்த் ஃபால்டில் டிரிப்

கோர் மானிட்டர் ஹைட்ரஜனில் மிதக்கும், எரிந்த மின்காப்பின் நுண்துகள்களை உணர்கிறது. வடிகட்டியை இடையில் செலுத்தி அளவு பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால் துகள் உண்மை, லோடை உடனே குறையுங்கள். எண்ணெய் ஆவியும் இதே அலாரத்தை எழுப்பும் என்பதால் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வதும் தேவை.

ஸ்டேட்டர் எர்த் ஃபால்டுக்குப் பிறகு, கெட்ட கடத்தியை மாற்றிவிட்டுக் கோரைப் பாராமல் மூடினால் வேலை பாதிதான். எரிந்த இடத்தில் தகடுகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருக்கும். எல்சிட் என்ற கோர்ச் சோதனையில் இயல்பான காந்தப் பாயத்தின் ஏறக்குறைய 4 சதவீதத்தை மட்டும் செலுத்தி, தகடுகளுக்கிடையே சுழலும் மின்னோட்டத்தை அளக்கிறோம். 100 மில்லியாம்பியருக்கு மேல் காட்டும் இடத்தை ஆராய வேண்டும். சந்தேகம் நீடித்தால், கோரைச் சுற்றிக் கேபிள் சுற்றி இயல்பான பாயத்துக்கு அருகில் செலுத்தி, இன்ஃப்ராரெட் கேமராவால் பாருங்கள். சுற்றுப்புறத்தைவிட 10 டிகிரி கூடுதலாகச் சூடாகும் புள்ளியை விட்டுவைக்கக் கூடாது. உருகிய விளிம்புகளைச் சிறு கருவியால் அரைத்து, அமிலத்தால் தகடுகளைப் பிரித்து, மைக்காச் சீவல்களைச் செருகி, பிசின் ஊற்றி, மறுபடியும் எல்சிட் செய்யுங்கள். அரைக்கும்போது உதிரும் இரும்புத்தூள் ஒரு துளியும் உள்ளே தங்காதபடி கீழே துணியும் காந்தமும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்தத் துகளே காந்தப் புலத்தில் துடித்துக்கொண்டு அடுத்த துளையைத் தோண்டும்.

எந்தப் பழுதைப் பார்த்து முடித்தாலும், கிரிட்டோடு இணைக்கும் முன் ஓப்பன் சர்க்யூட் வளைகோட்டை (லோடு இல்லாமல், ஃபீல்டு மின்னோட்டத்துக்கு ஏற்ப வோல்டேஜ் ஏறும் வரைகோடு) எடுத்து ஆரம்பகால வளைகோட்டின் மீது வைத்துப் பாருங்கள். அதே வோல்டேஜுக்குக் கூடுதல் ஃபீல்டு கேட்டால் இணைக்காமல் நின்று காரணம் தேடுங்கள். இணைத்த பின், ஒரே மெகாவாட்டில் மூன்று வெவ்வேறு மெகாவார்களில் நிறுத்தி, அதிர்வின் அளவையும் கோணத்தையும், எல்லா ஸ்டேட்டர் வெப்பநிலைகளையும், வென்ட் வாயுவின் அளவையும், பகுதி மின்னிறக்கத்தையும் பதிவு செய்து, நாளையும் கையெழுத்தையும் இட்டு, அடுத்து அந்த இயந்திரத்தைப் பார்க்க வருபவரின் கைக்கு எளிதில் எட்டும் இடத்தில் வையுங்கள்.